மேற்குப் படாமல் வைத்த கொமட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதக் குளிரில், லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உள்ள ஒரு கீழ்த்தள வீட்டில் இது நடந்தது. பிள்ளைகளே, இது ஒரு கக்கூஸ் கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாசியுங்கள். இதை உங்கள் தமிழ்ப் பள்ளி மலருக்கு எழுத வேண்டாம் என்று என் மனைவியும் சொல்லிப் பார்த்தாள். ஆனால் இருபத்தாறு வருடமாகக் குழாய் வேலை செய்கிறவனுக்கு மறக்க முடியாத அனுபவம் வேறு எங்கே நடக்கும்?

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்குப் போய், அங்கிருந்து லண்டனுக்கு வந்து, கைவேலை பழகி, குட்மேய்ஸில் குடும்பத்தோடு இருக்கிறேன். அன்று என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டவர் ஒரு பெண். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறவர். அவருடைய அப்பா மாலைதீவிலிருந்து மகளைப் பார்க்க வந்தவர். வந்த மூன்றாம் கிழமையே வாசற்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் புது மூட்டு வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு இடுப்பைத் திருப்பக் கூடாது, தாழ்வான இடத்தில் இருக்கக் கூடாது, திருப்பினால் மூட்டு கழன்றுவிடும், பிறகு மறுபடியும் வெட்ட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அதனால் பாத்ரூமை மாற்ற வேண்டும். குளியல் தொட்டியை எடுத்துவிட வேண்டும். உயரமான கொமட் வேண்டும், இரண்டு பக்கமும் பிடித்து எழும்பக் கம்பி வேண்டும், கழுவுவதற்குக் கைக்குழாய் வேண்டும்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னார். அப்பாவுக்கு ஒரே ஆசைதானாம். நோன்பு தொடங்குமுன் தன் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மனைவி இறந்த பிறகு ஒரு நோன்பையும் அவர் வேறு இடத்தில் கழித்ததில்லை. பள்ளிவாசல் மதிலோரம்தான் அந்த அம்மாவை அடக்கிய கபுறு. ஒவ்வொரு நாளும் நோன்பு திறக்கப் போகும்போது அதைக் கடந்துதான் போவார். மாசி முடிவில் டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் விமானம் ஏறலாம்.

மாலைதீவு எங்கே என்று தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இலங்கைக்குத் தென்மேற்கே, மாலை அறுந்து மணிகள் சிதறியதுபோலக் கடலில் கிடக்கிற சின்னச் சின்னத் தீவுகள். அங்கேயுள்ள மக்கள் முஸ்லிம்கள். உங்கள் அம்மா சம்பலில் இடித்துப் போடுகிற மாசிக் கருவாடு அங்கேயிருந்துதான் பரம்பரை பரம்பரையாக நமக்கு வருகிறது.

நான் ஆங்கிலத்தில் பேசவேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். முன்னறையில் உயரமான கதிரையில் இருந்த பெரியவர் என்னைக் கண்டதும் தமிழில், “வாங்கோ தம்பி. எப்ப தண்ணி தருவீங்க?” என்றார். நான் திகைத்துப்போனேன். இளவயதில் ஏழு வருடம் கொழும்பில் ஒரு மாசிக் கடையில் இருந்தவராம். அங்கே பழகிய தமிழ்.

“குடிக்கிற தண்ணியல்ல, கழுவுற தண்ணி,” என்றார். “ஆஸ்பத்திரியில வெறும் கடதாசிதான். ரெண்டு கிழமையா நான் மனிசனாவே இல்ல.”

“நாளைக்குத் தண்ணி வரும் ஐயா,” என்றேன்.

“ஐயா எல்லாம் வேணாம். கொழும்புக் கடையில எல்லாரும் என்ன நானா எண்டுதான் கூப்புடுவாங்க.”

நானா என்றால் அண்ணன். அன்றிலிருந்து எனக்கு அவர் நானா. நான் பாத்ரூமில் உடைத்துக்கொண்டிருப்பேன். அவர் நடக்கப் பழகுகிற சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கதவடியில் நிற்பார். கதை நிற்காது. அவருடைய வாப்பா மீன் பிடிக்கிற படகுக்குத் தலைவர். கரையில் நின்று காற்றைப் பார்த்தே மீன் வருமா வராதா என்று சொல்வாராம். ஒருநாள், “தம்பி பொறந்த நட்சத்திரம் என்ன?” என்று கேட்டார். ஒரு முஸ்லிம் பெரியவர் நட்சத்திரம் கேட்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். ரோகிணி என்றேன்.

“ரோணு,” என்று தலையை ஆட்டினார். “பொல்லாத நாள். காத்து, மழை, கடல் கொந்தளிப்பு. ஒருத்தரும் வள்ளம் எறக்க மாட்டாங்க. ஒங்கட பொஞ்சாதி பாவம்.”

பிறகுதான் விளங்கியது. அந்தத் தீவு மக்கள் காலநிலையை இருபத்தேழு நட்சத்திரமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் சாதகத்தில் எழுதி வைக்கிற அதே இருபத்தேழுதான். எப்போது கடலுக்குப் போகலாம், எப்போது நடலாம் என்று அவர்கள் அதில் பார்க்கிறார்கள். அசுவினியில் தொடங்கி ரேவதி வரை அவர் தன் மொழியில் சொல்லச் சொல்ல, நான் குழாயைப் பிடித்தபடி தமிழில் சொன்னேன். ஏறக்குறைய எல்லாம் ஒத்து வந்தது.

தீவில் தன் வீட்டுக் குளியலறையைப் பற்றியும் சொன்னார். அதற்குக் கூரை கிடையாதாம். வீட்டுக்குப் பின்னால் கல் மதில், உள்ளே ஒரு கிணறு, நீளத் தடியில் கட்டிய வாளி, மூலையில் வாழை. குளிக்கும்போது மேலே பார்த்தால் வானம். “இங்க என்னை ஒரு பெட்டிக்குள்ள வெச்சிக் கழுவுறாங்க,” என்றார். அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

இனி என்னுடைய கெட்டித்தனத்தைச் சொல்கிறேன்.

அந்த பாத்ரூமில் பழைய கொமட் மேற்கைப் பார்த்து இருந்தது. உட்கார்ந்தால் முகம் மேற்கே. இதை நான் முதல் நாளே கவனித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு முஸ்லிம் கூட்டாளி இருந்தான். அவனுடைய தகப்பனார் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தார். தொழுகை நேரம் வந்தால் கையில் உள்ள கிறீசைக் கழுவிவிட்டு, கடையின் உள்மூலையில் மேற்கைப் பார்த்து நிற்பார். அந்தப் பக்கம் கால்நீட்டி இருக்கவும் கூடாது, அந்தப் பக்கம் பார்த்து மலசலத்துக்கு ஒதுங்கவும் கூடாது என்று கூட்டாளி எனக்குச் சொல்லியிருந்தான். பிறகு ஒரு காலம் வந்தது. துவக்குத் தூக்கிய எங்கள் பொடியன்கள் அந்த முஸ்லிம் சனங்கள் எல்லோரையும் கையில் கிடைத்ததோடு ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அவனும் போனான். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் உங்களுக்கு இன்னொரு நாள் விளக்கமாகச் சொல்லத்தான் வேண்டும். இங்கே இவ்வளவு போதும்: அதற்குப் பிறகு ஒரு முஸ்லிம் வீட்டில் வேலை என்றால் எனக்குள் ஒரு கூடுதல் கவனம் வரும்.

ஆகவே, யாரும் கேட்காமலே, புதுக் கொமட்டை மேற்குப் படாமல் வைப்பது என்று முடிவு செய்தேன். எதிர்ச் சுவருக்கு மாற்றிக் கிழக்கைப் பார்க்க வைத்தேன். சும்மா மாற்ற முடியாது. கழிவுக் குழாய் ஒரு மூலையில் இருந்தது. தரையை உடைத்து, தெற்குச் சுவர் ஓரமாகக் குழாயை இழுத்துக்கொண்டு போய், தண்ணீர் ஓடுகிற வாட்டம் பார்த்து, திரும்ப மூடினேன். ஒன்றரை நாள் கூடுதல் வேலை. முடித்த அன்று நெற்றியைத் துடைத்துக்கொண்டு பெரியவரிடம் சொன்னேன்:

“நானா, பழையது மேற்கைப் பார்த்து இருந்தது. உங்களுக்குச் சரி வராது எண்டு எனக்குத் தெரியும். அதுதான் மேற்குப் படாமல் வைச்சிருக்கிறன்.”

அவர் பாத்ரூமைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல நாள் தரட்டும் தம்பி,” என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது என்று நினைத்து நான் உச்சி குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

ஒரு கிழமை போனது. மகள் கூப்பிட்டார். கொமட்டின் சீற், அதுதான் மேலே போடுகிற இருக்கை, ஆடுகிறதாம். போய்ப் பார்த்தேன். சீற்றைக் கொமட்டோடு பூட்டுகிற இடப்பக்கப் பிணைச்சல் உடைந்திருந்தது. மலிவுச் சாமான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டு புதிது போட்டேன். ஐந்து நாளில் மறுபடியும் அழைப்பு. அதே இடப்பக்கப் பிணைச்சல். இந்த முறை விலை கூடிய, இரும்புப் பிணைச்சல் உள்ள சீற் போட்டேன். போட்டுவிட்டு, “நானா, நீங்கள் இதில குதிரை ஓடுறீங்களோ?” என்று பகிடி விட்டேன். அவர் சிரித்தார். ஆனால் முகம் வாடியிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

வாசலில் வைத்து மகள் மெதுவாகச் சொன்னார். அப்பா சரியாகச் சாப்பிடுகிறார் இல்லை, தண்ணீரும் குடிக்கிறார் இல்லை. கேட்டால் பசி இல்லை என்கிறார். இடுப்பு வலி குறையவேண்டிய நேரத்தில் கூடிக்கொண்டு போகிறது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு அசைகிறது, கவனமாக இல்லாவிட்டால் மாசி முடிவில் விமானம் இல்லை, ஆபரேஷன் மேசையில்தான் படுக்கவேண்டி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். “ஊர் ஏக்கம் அவரைத் தின்னுகிறது என்று நினைக்கிறேன்,” என்று அந்தப் பிள்ளை அழுதார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது எனக்கு உள்ளுக்குள் சினம். வால்தம்ஸ்டோவில் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தார். பெரியவர்தான் கதவைத் திறந்தார். பார்த்தால் இரும்புப் பிணைச்சலும் இடப்பக்கம் வளைந்திருந்தது. அவ்வளவு மெலிந்த மனிதர், எப்படி ஒரே பக்கத்தை மூன்று முறை உடைக்கிறார்?

பிள்ளைகளே, எங்கள் தொழிலில் ஒரு சாமான் ஒரு முறை உடைந்தால் சாமானில் பிழை. ஒரே இடத்தில் மூன்று முறை உடைந்தால் வைத்தவனில் பிழை. நான் கதவைச் சாத்திவிட்டு, உடுப்போடு அந்தக் கொமட்டில் இருந்து பார்த்தேன். நேராக இருந்தேன், ஒன்றும் இல்லை. அப்போதுதான் கைப்பிடிக் கம்பிகளைக் கவனித்தேன். நான் வைத்தபோது இரண்டிலும் மெல்லிய பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தது. இடப்பக்கக் கம்பியில் உறை தேய்ந்து கிழிந்து போயிருந்தது. வலப்பக்கக் கம்பியில் உறை அப்படியே புதிதாக இருந்தது. அதை யாரும் தொட்டதே இல்லை.

இடக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தேன். உடம்பு தானாக இடப்பக்கம் திரும்பியது. முழுப் பாரமும் அந்த ஒரு பிணைச்சலில் விழுந்தது. முகம் வடக்குச் சுவரைப் பார்த்தது. இடுப்பு முறுகியது. ஐம்பது வயதில், நல்ல மூட்டோடு இருக்கிற எனக்கே அது நொந்தது.

வெளியே வந்தேன். “நானா, ஏன் திரும்பி இருக்கிறீங்கள்? டாக்டர் திருப்ப வேண்டாம் எண்டவர் எல்லோ?”

அவர் சட்டத்தைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொல்லுங்கோ நானா.”

“தம்பி,” என்றார் கடைசியில், “இங்க கிப்லா எந்தப் பக்கம் எண்டு நெனக்கிறீங்க?”

கிப்லா என்றால் தொழும்போது முகம் வைக்கிற திசை, மக்கா இருக்கிற பக்கம். “மேற்குத்தானே,” என்றேன்.

“அது எங்கட பக்கம். ஒங்கட ஊருக்கும் என்ட ஊருக்கும் மக்கா மேற்கால. இங்க நாம மக்காவத் தாண்டி அந்தப் பக்கம் வந்தீக்கிறமே. இங்க அது கிழக்கால, கொஞ்சம் தெக்கு சாஞ்சி.”

முன்னறையில் அவர் கதிரையில் இருந்து தொழுவதை நான் இரண்டு மூன்று முறை கண்டிருக்கிறேன். காலை வெயில் வருகிற சாளரத்தைப் பார்த்துத்தான் தொழுவார். கண்ணால் கண்டும், வெளிச்சத்துக்காக என்று நினைத்துக்கொண்டேன். ஊரை விட்டு வந்து இத்தனை வருடம், உலகப் படத்தில் நான் நிற்கிற இடம் மாறிவிட்டது என்று எனக்கு உறைக்கவே இல்லை. பழையதாவது அவருடைய முதுகைத்தான் அந்தப் பக்கம் காட்டியது. நான் ஒன்றரை நாள் தரையை உடைத்து, வேர்வை வடிய, அவருடைய முகத்தை நேராக மக்காவின் பக்கம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

“ஏன் நானா அண்டைக்கே சொல்லேல்லை? மகளிட்டையாவது சொல்லியிருக்கலாமே.”

“மகள்ட்ட இதப் பேசுறதா? வெக்கம். அவ செல்லுவா, கட்டடத்துக்குள்ள பரவால்ல வாப்பா, நோயாளிக்குப் பரவால்ல எண்டு. அது சரிதான். மார்க்கத்துல அதுக்கு எடம் ஈக்கிதான். ஆனா எழுபத்திநாலு வருசம் பழகின ஒடம்பு. அந்தப் பக்கம் பாத்து இருந்தா எனக்கு ஒண்டும் வெளியே வராது தம்பி. அதான் தண்ணிய கொறச்சேன், சோத்த கொறச்சேன்.”

“என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?”

அதற்கு அவர் சொன்னதுதான் என்னை இன்றைக்கும் விடவில்லை. “நீங்க தரையெல்லாம் ஒடச்சி, களச்சி வந்து நிண்டு, மேற்குப் படாம வெச்சிருக்கிறன் எண்டு சிரிச்சீங்க. எங்கட மார்க்கத்த நெனச்சி ஒரு வேற ஆள் இவ்வளவு பாடுபட்டீக்கிறார். அந்தச் சிரிப்ப நான் எப்புடி ஒடைக்கிற?”

என் சிரிப்பை உடைக்காமல் இருக்க அந்த மனிதர் தன் இடுப்பை முறித்துக்கொண்டிருக்கிறார். மகளைப் பார்க்க வந்த இடத்தில், மனைவியின் கபுறைப் பார்க்கப் போகிற நாளையும் எனக்காகப் பணயம் வைத்துக்கொண்டு. நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

வேனுக்குப் போய் என் வேலை ஆயுதப் பெட்டியை எடுத்து வந்தேன். இந்த முறை முதலில் அவரைக் கேட்டேன். “நானா, எந்தப் பக்கம் பார்க்க வைக்கட்டும்? நீங்கள் சொல்லுங்கோ.” அவர் கையை நீட்டி வடக்கைக் காட்டினார். கொமட்டைத் தெற்குச் சுவரில் வைக்க வேண்டும். நான் உடைத்து இழுத்த குழாய் அந்தச் சுவர் ஓரமாகத்தானே போகிறது. நடுவில் ஒரு வெட்டு, ஒரு இணைப்பு. மூன்று மணித்தியால வேலை. அன்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒன்றரை நாள் வேலையும் இல்லை, உடைந்த பிணைச்சலும் இல்லை, அந்த வலியும் இல்லை.

கம்பிகளையும் இடம் மாற்றினேன். முடித்தபோது வேறொன்றைக் கண்டேன். வடக்குச் சுவரில் உயரத்தில் ஒரு சின்னச் சாளரம். மேல் கண்ணாடியைத் திறந்தால், உட்கார்ந்திருக்கிறவருக்குப் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியும் ஒரு சாண் வானமும் தெரியும். நானாக யோசித்துச் செய்தது அல்ல. தானாக அமைந்தது. பெரியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நெடுநேரம் சத்தம் இல்லை. நான் பயந்து, “நானா, சுகமா இருக்கிறீங்களோ?” என்று வெளியே நின்று கேட்டேன்.

“இரிங்கோ தம்பி,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “மேகம் போவுது. பாத்துட்டு வாறன்.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாம் சொன்னேன். அவள் சமைத்துக்கொண்டே கேட்டாள். “அங்கையும் அதைத்தான் செய்தனீங்களோ? எங்களுக்கு எது நல்லது எண்டு எங்களைக் கேளாமல் நீங்களே முடிவெடுக்கிறது?” எங்கள் குசினி அடுப்பைக் கிழக்குப் பார்க்க வைக்கவேண்டும் என்று அவள் தலைகீழாக நின்றபோது, பழங்காலக் கதை என்று நான் எரிந்து விழுந்தவன். ஊராரின் திசைக்கு மட்டும் எனக்கு மரியாதை தெரிந்திருந்தது. அதையும் பிழையாகத் தெரிந்து வைத்திருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து அவர் தண்ணீர் குடித்தார், சோறு கேட்டார். குளிரில் சாளரத்தைத் திறந்து வைக்கிறார், வீடெல்லாம் விறைக்கிறது என்று மகள் எனக்குத் தொலைபேசியில் முறைப்பட்டார். ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. சீற் அதன் பிறகு உடையவில்லை. மாசி முடிவில் டாக்டர் சரி என்று சொன்ன அன்று, நான் போய்க் கைகொடுத்தேன்.

“சொன்னன்தானே நானா, மாசியோட போயிடுவீங்கள் எண்டு.”

“மாசியா?” என்றார். “அப்ப என்னையும் அவிச்சி, பொகைய போட்டு, காயவெச்சித்தான் அனுப்புறீங்க.”

பிறை பார்க்க மூன்று நாள் இருக்கும்போது அவர் தன் தீவில் இறங்கினார். மகள் எனக்கு ஒரு படம் காட்டினார். கல் மதில், வாழை, கிணறு, மேலே பெரிய நீல வானம். படத்தில் அவர் இல்லை. அவர்தான் எடுத்ததாம். “தம்பிக்குக் காட்டு, இதுதான் வானத்துட அளவு எண்டு செல்லு” என்று சொல்லியிருக்கிறார். இப்போதும் அந்தப் பெண்ணின் கையில் எனக்கு வருடம் ஒரு பொதி மாசி வரும். உங்களில் சிலர் எங்கள் வீட்டில் சாப்பிட்ட சம்பல் அதில் இடித்ததுதான்.

அன்றிலிருந்து யார் வீட்டில் கொமட் வைத்தாலும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: இது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? அநேகம் பேர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா யோசித்துவிட்டு, கதவைப் பார்த்து இருக்கட்டும், பேரப்பிள்ளைகள் தட்டாமல் வருவார்கள், வருவது தெரியவேண்டும் என்றார். அதுவும் ஒரு தேவைதானே. நான் அதன்படியே வைத்தேன்.

ஒருவருக்கு நல்லது செய்ய விரும்பினால் முதலில் அவரையே கேட்க வேண்டும் என்பதை நான் அந்தச் சின்ன அறையில்தான் படித்தேன். இன்றைக்கும் ஃபாரஸ்ட் கேட் வழியாக வேனில் போகும்போது, மக்காவைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்ட எனக்கு இன்னும் எத்தனை திசைகள் தலைக்குள் ஊரில் இருந்தபடியே இருக்கின்றனவோ என்று நினைத்துக்கொள்கிறேன்.